பழைய வீட்டு வானை வாங்கிய பின்னர்: அறிகுறியைக் கொண்டு பிழையைத் தேடுதல்

யாழ்ப்பாணத்தில் விலைக்கு வந்த வீட்டு வான்களில் நான் பார்த்த எதுவும் தொழிற்சாலையில் அப்படியே கட்டப்பட்டதல்ல. ஒரு காலத்தில் ஆட்களை ஏற்றி ஓடிய டொல்பின் ஹையேஸ் அல்லது நிசான் கரவான் ஒன்றின் இருக்கைகளைக் கழற்றிவிட்டு, ஓடாவி ஒருவரும் மின்வேலை தெரிந்த ஒருவரும் சேர்ந்து கட்டில், குசினி, தண்ணீர்த் தாங்கி, சோலார் தகடு என்பவற்றைப் பொருத்தியவையே அவை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. அதனால் எப்போதோ ஓய்வு பெற்றிருக்க வேண்டிய வான்கள் பல இன்னும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. வாங்குபவருக்குக் கிடைப்பது பல வருடம் உழைத்த ஒரு வானும் அதனுள் அவசரத்தில் கட்டப்பட்ட ஒரு சிறு வீடும் ஆகும். வானின் பிழை வீட்டுக்குள்ளும் வீட்டின் பிழை வானுக்குள்ளும் ஒளிந்திருக்கும்.

நான் என் வானைச் சித்திரை மாதத்தில் வாங்கி, முதல் வேலையாக உட்சுவருக்குப் பூச்சு அடித்து மெத்தைக்குப் புதுத்துணி போட்டேன். ஐப்பசியில் மழை தொடங்கிய மூன்றாம் நாள் அந்தப் பூச்சு கொப்பளித்தது. அந்த வேலையை இரண்டாம் முறை செய்ய நேர்ந்ததாலேயே கீழே உள்ள ஒழுங்கு எனக்குப் பிடிபட்டது: முதலில் தண்ணீர், பிறகு கறள், பிறகு மின்சாரம், பிறகு எரிவாயு, அழகு வேலை கடைசியாக. தொடங்குவதற்கு முன் பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கத்தையும் இயந்திர இலக்கத்தையும் வாகனத்தில் பொறித்திருப்பவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருக்கைகளின் எண்ணிக்கையோ வாகனத்தின் வகுப்போ மாறியிருந்தால், அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவில் ஏறியிருக்கிறதா என்பதையும் அப்போதே உறுதிப்படுத்த வேண்டும்.

அறிகுறி: கதவைத் திறந்ததும் பூஞ்சண மணம், சுவர்ப்பலகையில் கறை

இந்த மணம் வெளியிலிருந்து ஒழுகும் தண்ணீராலும் வரலாம், உள்ளே உறங்குபவர்களின் மூச்சும் சமையல் ஆவியும் குளிர்ந்த தகரத்தில் படிவதாலும் வரலாம். இரண்டுக்கும் வைத்தியம் வேறு என்பதால் முதலில் அவற்றைப் பிரித்தறிய வேண்டும். கறை உள்ள இடத்தில் ஒரு சாண் சதுரமான பொலித்தீன் துண்டை நான்கு ஓரமும் இறுக ஒட்டி, வானில் படுப்பவர்கள் வழமைபோலப் படுக்க, ஓர் இரவு விட்டுவிடுங்கள். காலையில் நீர்த்துளிகள் பொலித்தீனின் வெளிமுகத்தில், அதாவது அறைப்பக்கத்தில் இருந்தால் அது படிவு நீர். காற்றோட்டத்தைக் கூட்டினால் பெரும்பாலும் தீரும். துளிகள் பொலித்தீனுக்கும் பலகைக்கும் இடையே இருந்தால் பலகை தண்ணீரைக் குடித்திருக்கிறது. ஈரமானி கிடைத்தால் இன்னும் நல்லது. மரத்தில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடம் உக்கத் தொடங்கும் இடமாகும்.

ஒழுக்கு என்று தெரிந்த பின் மாரிக்காகக் காத்திராமல் நாங்களே மழையை உண்டாக்க வேண்டும். தோட்டத்துக் குழாயில் அழுத்தமில்லாமல் தண்ணீரை ஓடவிட்டு, வானின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே மேலே செல்லுங்கள்: கதவு இறப்பர், பின்னர் யன்னல்கள், பின்னர் கூரையோரத் தண்ணீர்ப்பீலி, கடைசியாகவே கூரை. ஒவ்வோர் இடத்திலும் பத்து நிமிடம் நிற்க வேண்டும். உள்ளே இன்னொருவர் ரோர்ச்சுடன் அமர்ந்து முதல் ஈரம் தெரியும் இடத்தைச் சோக்கால் குறிக்க வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒருசேர நனைந்து ஒன்றுமே பிடிபடாது. வாகனம் கழுவும் இடங்களில் பயன்படுத்தும் அழுத்தப் பீச்சியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அது நல்ல பொருத்துகளையும் பெயர்த்து இல்லாத ஒழுக்கை உண்டாக்கும்.

தண்ணீர் தோன்றும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது. என் வானில் கறை பின்மூலையில், குசினி அலுமாரிக்குப் பின்னால் இருந்தது. டிங்கரிங் செய்யும் ஒருவர் அந்த மூலையை இரண்டு முறை அடைத்தும் பலன் இல்லை. வேறொரு கராஜில் இருந்த முதியவர் ஒருவர் வான் வீட்டில் எப்படி நிற்கிறது என்று மட்டும் கேட்டார். முன்பக்கம் சற்று உயர்ந்து நிற்கிறது என்றேன். "அப்ப தம்பி, முன்னுக்குப் பாரும்," என்றார். முன்கூரையில் சோலார் தகட்டைப் பிடித்திருந்த ஆணி ஒன்றின் துளை வழியாக இறங்கிய தண்ணீர், கூரை உட்தகட்டின் மேலால் பின்னோக்கி ஓடி, வளைவுச் சட்டத்தில் திரும்பி, அலுமாரிக்குப் பின்னால் வடிந்துகொண்டிருந்தது. சோலார் தகடு, கூரை விசிறி, அன்ரெனா என்று கூரையைத் துளைத்த எதுவானாலும் அதைச் சந்தேக நபராகவே நடத்துங்கள்.

துளையைக் கண்டபின் அதன்மேல் இன்னொரு பூச்சு சிலிக்கன் பூசுவதே பலரும் செய்வது. அதுவே பலரும் மீண்டும் மீண்டும் செய்வதும். பழைய சிலிக்கனின் மேல் எதுவும், புதிய சிலிக்கன்கூட, ஒட்டாது. அதை முழுவதும் சுரண்டி, மதுசாரத்தால் துடைத்து, கழற்றக்கூடிய பொருத்துகளுக்குக் கீழே பியூற்றைல் நாடாவும் நிரந்தரமான மூட்டுகளுக்குப் பொலியூரத்தேன் பசையும் இட வேண்டும். உக்கிய பிளைவூட்டை வெட்டி எடுத்தபின் அந்த இடத்தை உடனே மூடாதீர்கள். சித்திரை வைகாசி வெயிலிலும் அது நன்கு உலர இரண்டு மூன்று கிழமைகள் செல்லும். புதிய பலகையின் முகத்தைவிட அதன் வெட்டுமுனைகளே தண்ணீரைக் குடிப்பவை. அவற்றுக்கு ரெசின் பூசியே பொருத்த வேண்டும். இந்த வேலையை ஓடாவியைவிட, குருநகர், மயிலிட்டி போன்ற துறைகளில் பைபர் படகு திருத்துபவர்களே திறம்படச் செய்வார்கள் என்பது என் கருத்து. தண்ணீரை வெளியே நிறுத்துவதுதான் அவர்களுடைய தொழில்.

அறிகுறி: தரை மிதித்தால் அமிழ்கிறது, கம்பளத்தின் கீழ் மண்ணிறத் தூள்

தூளை விரலில் எடுத்துப் பாருங்கள். நறநறவென்று விரலில் செந்நிறம் ஒட்டினால் கறள். மென்மையாக, மண்ணோடு கலந்த மரத்தூளாக இருந்தால் கறையான். கறையான் ஏறிய பலகையைத் தட்டினால் வெற்றொலி கேட்கும். வானை நீண்டகாலம் மண்தரையில், மாமரத்தின் கீழ் நிறுத்தி வைத்திருந்தால் கறையான் சில்லு வழியாகவே ஏறிவிடும். அவ்வாறான மரத்தை மருந்தடித்து வைத்திருப்பதில் பயனில்லை. எடுத்துவிட்டு வேறு மரம் போடுங்கள். உறுதிக்காகப் பனஞ்சலாகையைத் தரைச்சட்டமாக இட்ட ஒரு வானை நான் கண்டிருக்கிறேன். நூறு வருடம் நிற்கும், ஆனால் அதன் பாரத்தை வில்லுத்தகடுகள் எத்தனை வருடம் தாங்கும் என்பது வேறு கேள்வி.

கறள்தான் என்றால் விற்றவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி, வான் எங்கே ஓடியது என்பது. பண்ணைத் தாம்போதியைக் கடந்து தீவுப்பகுதிக்கு நாளும் சென்றுவந்த வானும், பருத்தித்துறைக் கரையோர வீதியில் நின்ற வானும், கிளிநொச்சியில் ஓடிய வானும் வயதில் ஒன்றானாலும் அடிப்பாகத்தில் ஒன்றல்ல. சோளகக் காற்று வீசும் மாதங்களில் கடலுப்பு தகரத்தின் மடிப்புகளில் படிந்து, மாரி ஈரத்தில் கரைந்து வேலை செய்யும். அடிப்பாகத்தைச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே செல்லுங்கள். கணீரென்ற ஒலி நல்ல இரும்பு. மந்தமான ஒலி வந்தால் கூரிய திருப்புளியால் குத்திப் பார்க்க வேண்டும். அடிச்சட்டம், வில்லுத்தகடு பொருந்தும் இடம், இருக்கைப்பட்டி பிணைக்கப்பட்ட இடம் ஆகியவற்றில் துளை விழுந்தால், தகடு வைத்து ஒட்டும் வேலையைத் தேர்ந்தவரிடமே கொடுக்க வேண்டும். தார் பூசி மறைத்திருந்தால் தாரைச் சுரண்டியே தீர வேண்டும்.

பிரேக் குழாய்களும் இதே உப்பில் இருப்பவை. இயந்திரத்தை நிறுத்தி, பெடலைச் சில முறை மிதித்து, பின்னர் ஒரே அழுத்தத்தில் பிடித்திருங்கள். அது மெல்ல மெல்லக் கீழிறங்கினால் எங்கோ எண்ணெய் கசிகிறது அல்லது மாஸ்ரர் சிலிண்டரின் உள்றப்பர் தேய்ந்திருக்கிறது. பஞ்சு போல அமுங்கினால் குழாயில் காற்று புகுந்திருக்கிறது. இந்த இரண்டில் எது இருந்தாலும் வானை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போகாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு அழைப்பதே அறிவு.

அடிப்பாகத்தைக் கழுவும் தண்ணீரிலும் கவனம் வேண்டும். கரையோரக் கிணறுகள் பல உவர். உப்பைக் கழுவுகிறேன் என்று உவர்நீரைப் பாய்ச்சுவது கறளுக்கு உணவளிப்பதாகும்.

அறிகுறி: இரவில் விளக்கு மங்குகிறது, காலையில் பற்றறி இறந்திருக்கிறது

பற்றறி பழுது என்று உடனே புதியது வாங்காதீர்கள். கடைக்காரருக்கு மகிழ்ச்சி, உங்களுக்கு ஆறு மாதத்தில் இதே கதை. பல்மானி (மல்ரிமீற்றர்) ஒன்றுடன் மூன்று அளவீடுகளை எடுத்தால் பிழை எங்கே என்பது தெரிந்துவிடும்.

முதலாவது, மின்னேற்றிய பற்றறியை எதனோடும் இணைக்காமல் சில மணிநேரம் ஓயவிட்டு அளப்பது. ஈய அமிலப் பற்றறியில் 12.7 வோல்ற்று அளவில் இருந்தால் அது நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் அரைவாசி; 11.9க்குக் கீழே என்றால் வெறுமை. நிறைய மின்னேற்றியும் மறுநாள் தானாகவே 12.4க்கு இறங்கினால் பற்றறியே முடிந்துவிட்டது. இரண்டாவது, எதிர்முனை வயரைக் கழற்றி, பல்மானியை அம்பியர் அளவில் அதன் இடையே இணைத்து, எல்லாச் சுவிற்சுகளையும் அணைத்துவிட்டுப் பார்ப்பது. 50 மில்லி அம்பியருக்கு மேல் ஓடினால் எதுவோ திருட்டுத்தனமாகக் குடிக்கிறது. அரை அம்பியர் சிறிது போலத் தோன்றும். ஆனால் ஒரு நாளில் அது 12 அம்பியர் மணியாகும். உருகிகளை (பியூஸ்) ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டு வந்தால் எந்த உருகியில் அளவீடு விழுகிறதோ அந்தச் சுற்றில்தான் பிழை. அலாரமும் பாட்டுப்பெட்டியும் இன்வேட்டரும் இந்தக் குற்றத்தில் அடிக்கடி அகப்படுபவை. மூன்றாவது, இயந்திரம் ஓடும்போது, வீட்டுப் பகுதிக்கு மின் கொடுக்கும் இரண்டாம் பற்றறியின் முனைகளில் அளப்பது. 13.8 முதல் 14.4 வரை ஏறாமல் 12.4இலேயே நின்றால், இரண்டு பற்றறிகளையும் இணைக்கும் ரிலே அல்லது அதன் உருகி செத்திருக்கிறது. பற்றறி இதுவரை பட்டினி கிடந்திருக்கிறது.

மூன்றும் சரியாக இருந்தும் விளக்கு மங்கினால் வயரைப் பாருங்கள். வீட்டு மின்வேலை செய்பவர் 230 வோல்ற்றுக்குப் பழகியவர்; அங்கே மெல்லிய வயர் போதும். 12 வோல்ற்றில் கதை வேறு. பற்றறியிலிருந்து 6 மீற்றர் தூரத்தில் 10 அம்பியர் இழுக்கும் ஒரு பொருளுக்கு 1.5 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால், போகவர 12 மீற்றரில் ஏறக்குறைய 1.4 வோல்ற்று வழியிலேயே வெப்பமாகிப் போய்விடும். அதே இடத்தில் 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு 0.35க்கும் குறைவு. மங்கும் விளக்கு இங்கே ஓர் எச்சரிக்கை மட்டுமே. பிளைவூட்டுக்குப் பின்னால் சூடாகிக்கொண்டிருக்கும் வயரே ஆபத்து. ஒவ்வொரு வயருக்கும் அதன் தடிப்புக்கேற்ற உருகி, பற்றறிக்கு மிக அருகிலேயே இருக்க வேண்டும். முறுக்கி நாடா சுற்றிய மூட்டுகள் உப்புக்காற்றில் பச்சை பூத்துப் போகும். அவற்றை வெட்டி, வெள்ளீயம் பூசிய முனைகளை நசுக்கிப் பொருத்தி, சுருங்கும் உறையிட்டு மூடுங்கள்.

ஹையேசின் இயந்திரம் முன்னிருக்கைகளின் கீழே இருப்பதால், இடம் மிச்சம் என்று இரண்டாம் பற்றறியையும் அதன் அருகே வைத்து விடுகிறார்கள். வெப்பம் 10 பாகை ஏறும்போது ஈய அமிலப் பற்றறியின் ஆயுள் ஏறத்தாழ அரைவாசியாகிறது. அதைப் பின்பக்கம் நகர்த்தி, பெட்டியிலிருந்து வெளியே செல்லும் காற்றுக்குழாயும் வைத்தால் அந்தச் செலவு தன்னைத் தானே மீட்டுவிடும்.

அறிகுறி: கரண்டில் இணைத்ததும் ஒரு பொருள் புகைந்தது

பொருளின் அடியிலுள்ள தகட்டைப் பாருங்கள். ஜப்பானிலிருந்து வாகனத்தோடு வந்த சாதனங்கள் 100 வோல்ற்றுக்குச் செய்யப்பட்டவை. எங்கள் வீட்டு மின்சாரம் 230. முன்னிருந்தவர் பிளக்கை மட்டும் மாற்றிவிட்டு மின்மாற்றியை மறந்திருப்பார். அத்துடன், வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும் வானில் மனிதரைக் காக்கும் 30 மில்லி அம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாவிட்டால் வேறு எதைச் செய்வதற்கும் முன் அதைப் பொருத்த வேண்டும். தகர உடலும் ஈரத்தரையும் சேர்ந்த இடம் இது.

அறிகுறி: தண்ணீர்ப் பம்ப் ஓய்வதில்லை, அல்லது ஓடியும் தண்ணீர் வருவதில்லை

குழாய்கள் எல்லாம் பூட்டியிருக்கையில் பம்ப் சில நிமிடத்துக்கு ஒரு முறை தானாக ஓடி நின்றால், அழுத்தம் எங்கோ குறைகிறது. வெளியே ஈரம் தெரிந்தால் மூட்டு கசிகிறது. எங்கும் ஈரமில்லை என்றால் பம்பினுள்ளே தண்ணீர் பின்னோக்கித் திரும்பாமல் தடுக்கும் மீள்தடை வால்வில் மணல் அகப்பட்டிருக்கிறது. பம்ப் ஓயாமல் ஓடியும் தண்ணீர் வராவிட்டால் அது தண்ணீருக்குப் பதில் காற்றை இழுக்கிறது: தாங்கியில் தண்ணீர் உள்ளதா என்று பார்த்தபின், பம்புக்கு முன்னுள்ள வடிகட்டிக் கிண்ணத்தின் றப்பர் வளையத்தைப் பாருங்கள். அது வெடித்திருப்பதே வழமை.

எங்களுக்கே உரிய இன்னொரு பிழை, பம்ப் நன்றாக ஓடியும் குழாயில் நூல் போல் வரும் தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக் கல்லின் மேல் இருப்பதால் கிணற்று நீர் வன்னீர். கேத்திலின் அடியில் படியும் வெண்படிவமே குழாய் வாயிலும், ஷவர்த் துளைகளிலும், எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர்ச் சூடாக்கியின் உட்சுவரிலும் படிகிறது. கழற்றக்கூடியவற்றை வினாகிரியில் ஓர் இரவு ஊறவிட்டால் போதும். சூடாக்கிக்குச் சிற்றிக் அமிலத் தூளை லீற்றருக்கு 20 கிராம் அளவில் கரைத்து ஊற்றி, சில மணிநேரம் வைத்து, வெளிவரும் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். அதைச் சுவரைத் தேய்க்கும் அமிலத்தால் செய்ய முனைந்த ஒருவரின் சூடாக்கி இப்போது பூச்சாடியாக இருக்கிறது.

தாங்கியில் பாசி மணம் இருந்தால், 5 சதவீத வெளிற்றும் திரவத்தை 100 லீற்றர் தண்ணீருக்கு 100 மில்லி லீற்றர் என்ற அளவில் கலந்து, எல்லாக் குழாய்களிலும் அந்த மணம் வரும்வரை ஓடவிட்டு, ஓர் இரவு வைத்து, இரண்டு முறை நல்ல தண்ணீரால் அலசுங்கள். சிற்றிக் அமில வேலையையும் இதையும் ஒரே நாளில் செய்யக் கூடாது. அமிலமும் வெளிற்றும் திரவமும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும்.

அறிகுறி: அடுப்புச் சுவாலை மஞ்சளாக எரிகிறது, காஸ் மணக்கிறது

மணத்தால் தொடங்குவோம். 2021ஆம் ஆண்டின் இறுதியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த நாட்களை நாங்கள் மறந்திருக்க மாட்டோம். அப்போது வீடுகளில் வந்த எச்சரிக்கை வானுக்குப் பல மடங்கு பொருந்தும், ஏனெனில் இங்கே சிலிண்டருக்கும் படுக்கைக்கும் இடையே ஒரு பலகைதான் உள்ளது. காஸ் மணம் வந்தால் சிலிண்டரைப் பூட்டி, கதவுகளைத் திறந்து, எந்தச் சுவிற்சையும் தொடாமல் வெளியேறுங்கள். காற்று மாறிய பின் சிலிண்டரை மீண்டும் திறந்து, ரெகுலேற்றர் முதல் அடுப்பு வரை ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரையைப் பூசினால் கசியும் இடத்தில் குமிழி கிளம்பும். நெருப்புக்குச்சியால் சோதிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன்: வேண்டாம்.

காஸ் காற்றிலும் பாரமானது. ஆகவே சிலிண்டர்ப் பெட்டியின் அடியில், வாகனத்துக்கு வெளியே திறக்கும் துளை இருக்க வேண்டும். பக்கச்சுவரின் மேலே உள்ள காற்றுத்துளை இதற்கு உதவாது. 12.5 கிலோ சிலிண்டரைக் குசினி அலுமாரிக்குள் படுக்கவைத்திருந்தால் அதை எடுத்துவிட்டு, 5 கிலோ சிலிண்டரை நிமிர்த்திப் பட்டியால் கட்டுங்கள். வெடிப்பு விழுந்த றப்பர்க் குழாயையும் திகதி தெரியாத குழாயையும் ஒன்றாகவே கருதி மாற்றுங்கள்.

மஞ்சள் சுவாலை என்பது காற்று போதாமல் எரிவது. அடுப்பின் கீழுள்ள காற்றுவாயில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். எங்கள் ஊர்க் குளவிக்கு விரல் நுழையும் துளை எதுவும் வெறுமையாக இருக்கக் கூடாது. அதை ஈர்க்கால் தட்டி எடுத்து, காஸ் வெளிவரும் சிறு துளையான ஜெற்றை ஊதித் துடைத்தால் நீலம் திரும்பும். திரும்பாவிட்டால் ஜெற் வேறு அழுத்தத்துக்கு உரியதாகலாம். அதைத் தொழில் தெரிந்தவரிடம் காட்டுங்கள். மஞ்சள் சுவாலையோடு மூடிய வானுக்குள் உறங்கினால் காபனோரொட்சைட்டு மணமின்றிக் கொல்லும். அதற்கான அலாரம் ஒன்றைத் தலைமாட்டில் பொருத்தாமல் உள்ளே படுக்க வேண்டாம்.

அறிகுறி: குளிர்ப்பெட்டி குளிர்வதில்லை

கொம்பிரசர் உள்ள 12 வோல்ற்று வகை என்றால் மேலே சொன்ன வயர் இழப்பே பெரும்பாலும் காரணம். காஸிலும் ஓடும் அமோனியா வகை என்றால், வான் மட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். சில பாகை சரிந்தாலே அது வேலை செய்யாது. பின்புறத்தில் மஞ்சட்படிவமும் அமோனியா மணமும் இருந்தால் அதைத் திருத்துவதில் பணம் செலவழிக்க வேண்டாம். நல்ல நிலையில் இருந்தாலும் எங்கள் வெக்கையில் அது திணறும் என்பதால், மாற்றும் வாய்ப்பு இருந்தால் கொம்பிரசர் வகைக்கே நான் வாக்களிப்பேன்.

அறிகுறி: பண்ணைப் பாலத்தில் பக்கக் காற்றுக்கு வான் தள்ளாடுகிறது

ரயரின் பக்கச்சுவரில் முட்டை வடிவத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு இலக்கங்களை வாசியுங்கள். 3217 என்றால் 2017ஆம் ஆண்டின் 32ஆம் கிழமை. மேற்பரப்பின் பள்ளங்கள் தேயாமல் இருந்தாலும் ஏழு வருடம் கடந்த ரயரை வீட்டு வானில் ஓட்டக் கூடாது; நின்ற இடத்திலேயே வெயில் தின்றிருக்கும். பாரவேலைக்கு உரிய எல்ரி வகை போட்டிருக்கிறார்களா, மலிவுக்குக் கார் ரயர் போட்டிருக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

பிறகு தாங்கி நிறையத் தண்ணீர், காஸ், மெத்தை, சட்டி பானை எல்லாவற்றையும் ஏற்றி, லொறி நிறுக்கும் தராசில் முன்சில்லும் பின்சில்லும் தனித்தனியாக நிறுங்கள். 100 லீற்றர் தண்ணீர் 100 கிலோ. அது பின்னச்சுக்கும் பின்னால் தொங்கினால் முன்சில்லு இலேசாகி, காற்றுக்கு வான் திருப்பத்தை மறக்கும். என் வானில் தாங்கியை இரண்டு அச்சுக்கும் இடையே நகர்த்தியதும் தள்ளாட்டம் பெரும்பகுதி நின்றது. மீதி, தேய்ந்திருந்த பின் அதிர்வடக்கி ஒன்றுடையது. அதைச் சோடியாகவே மாற்றினேன்.